ஒரு கை குறைகிறது: பெங்களூரில் மாஜாங் கற்பதன் வரலாறு

சீட்டாட உட்கார்ந்தவர்கள் வழியில் போகிறவரைப் பார்த்து ‘ஒரு கை குறைகிறது, வருகிறீர்களா?’ என்று அழைப்பது நம் ஊர்களில் பழகிய காட்சி. சீன மொழியில் இதற்கு நேரான ஒரு தொடர் உண்டு: ‘சான் சுயே யீ’. மூவர் இருக்கின்றனர், ஒருவர் இல்லை என்பது அதன் பொருள். மாஜாங் ஆடுவோரின் நிரந்தரக் கவலையிலிருந்து பிறந்த தொடர் அது. ரம்மிக்கு மூவரும் போதும், அறுவரும் ஆடலாம். மாஜாங்குக்குப் பெரும்பாலான மரபுகளில் சரியாக நால்வர் வேண்டும். மலேசியாவில் மூவர் ஆடும் வகை ஒன்று இருப்பது விதிவிலக்கு.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அதை உருவாக்கியவரைத் தேடியிருக்கின்றனர். பெட்டியில் அடைத்து உலகெங்கும் விற்றவரையும் தேடியிருக்கின்றனர். கை குறைந்தபோது அழைத்து உட்கார வைக்கப்பட்ட புதியவரைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. மாஜாங்கை நாடு விட்டு நாடு கொண்டுசென்றவர் பெரும்பாலும் அந்தப் புதியவரே என்பது என் கருத்து. பெங்களூரில் அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டால் நகரத்தின் படைமுகாம் வரலாறு கிடைக்கிறது. யாரிடம் கற்கவில்லை என்று கேட்டால் அதைவிடக் கசப்பான வேறொரு வரலாறு கிடைக்கிறது. சற்று நீண்ட பதிவு. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக முதலில் சில சொற்கள். மாஜாங் காய்கள் மொத்தம் 144. வட்டம், மூங்கில், எழுத்து என்று மூன்று குலங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு காய்கள். அவை 108. நான்கு திசைக் காற்றுகளுக்கு 16 காய்கள், சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று ‘டிராகன்’களுக்கு 12, பூக்களுக்கும் பருவங்களுக்கும் 8. கலைத்துப் போட்ட காய்களை நால்வரும் ஆளுக்கு ஒரு பக்கமாக, இரண்டடுக்காக, 18 காய் நீளத்துக்கு மதில் போல அடுக்குவர். ஒவ்வொருவர் கையிலும் 13 காய்கள். மதிலிலிருந்து ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றை நடுவில் இறக்க வேண்டும். தொடராக மூன்று சேர்ந்தால் ‘சௌ’, ஒரே காய் மூன்று சேர்ந்தால் ‘பங்’, நான்கு சேர்ந்தால் ‘காங்’. நான்கு தொகுதிகளும் ஓர் இணையும் அமைந்தவர் வென்றவர்.

இதைப் படிக்கும் எவருக்கும் ஒன்று தோன்றியிருக்கும்: இது ரம்மியல்லவா? ஆம். பதின்மூன்று சீட்டு, எடுப்பது ஒன்று, இறக்குவது ஒன்று, தொடரும் ‘செட்’டும் சேர்ப்பது என்று நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடப்படும் ரம்மியின் எலும்புக்கூடு அப்படியே இங்கு இருக்கிறது. ரம்மிக் குடும்பத்துக்கும் சீனச் சீட்டாட்டங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி விளையாட்டு வரலாற்றாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டுவருகின்றனர். அவ்வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. ஆனால் கற்பித்தலில் இந்த ஒற்றுமையின் பயன் கண்கூடானது. பெங்களூரின் கிழக்குப் பகுதியில், ஓய்வுபெற்ற படை அதிகாரிகளின் குடும்பங்கள் மிகுந்த ஓர் அடுக்கக வளாகத்தில் எனக்கு மாஜாங் கற்றுத்தந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி ‘ரம்மி தெரியுமா?’ என்பதுதான். தெரியும் என்றதும் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றார்.

மீதிப் பாதிதான் கடினம். ரம்மியில் எதிராளி இறக்கிய சீட்டை என் முறை வரும்போது மட்டும் எடுக்கலாம். மாஜாங்கில் யார் இறக்கினாலும், என் முறை எதுவானாலும், என்னிடம் அதே காய் இரண்டிருந்தால் ‘பங்’ என்று கூவி எடுத்துக்கொள்ளலாம். இடையில் இருப்பவர்களின் முறை பறிபோகும். ‘சௌ’வுக்கோ எனக்கு முன் ஆடுபவர், அதாவது இடப்பக்கத்தவர், இறக்கியதை மட்டுமே எடுக்கலாம். ஆகவே புதியவரின் கண் தன் கையிலேயே நிலைத்திருக்க, காது நடு மேசையில் இருக்க வேண்டியிருக்கிறது. எந்தக் காய் எத்தனை முறை இறங்கிவிட்டது என்ற கணக்கும் ஓடவேண்டும். இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். 52 சீட்டுக்கே அப்படியென்றால் 144 காய்களுக்கு எவ்வளவு நினைவு வேண்டும் என்பதை நீதியரசர்களின் கற்பனைக்கு விட்டுவிடலாம்.

தமிழர்க்கு இம்மேசையில் எதிர்பாராத ஓர் உதவியும் உண்டு. திசைக் காற்றுகளுக்குத் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. காற்றுக் காய்களை நான் இப்பெயர்களாலேயே மனத்தில் வைத்துக்கொண்டேன். எழுத்து வடிவங்கள் விரைவில் பிடிபட்டன. ஒரு நுட்பம் மட்டும் நம் திசையறிவோடு முரண்படுகிறது. கிழக்கில் அமர்ந்து மேசையை நோக்குபவருக்கு வலக்கைப்பக்கம் உண்மையில் வடக்கு. மாஜாங்கிலோ அங்கே தெற்கு அமர்கிறார். திசைகளின் சுற்று கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கிறது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். எனக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களில் ‘டிராகன்’ என்பது சீனரின் பெயரன்று. சிவப்புக் காயில் இருப்பது ‘நடு’ என்னும் பொருளுடைய எழுத்து; பச்சைக் காயில் இருப்பது செல்வம் பெருகுதலைக் குறிக்கும் எழுத்து; வெள்ளைக் காய் வெறுமை. ‘மூங்கில்’ என்பதும் அவ்வாறே. அக்காய்களில் வரையப்பட்டிருப்பவை துளையிட்ட செப்புக்காசுகளைக் கோத்த சரங்கள். வட்டங்கள் அக்காசுகளே. ‘எழுத்து’ என்று நாம் சொல்லும் குலம் பத்தாயிரங்களைக் குறிக்கிறது. காசு, காசுச்சரம், பத்தாயிரம்: மூன்று குலங்களும் பணத்தின் மூன்று அலகுகள். பழைய சீனப் பணச்சீட்டாட்டங்களிலிருந்து நேரே வந்த மரபு இது. சரத்தை மூங்கிலாகவும் வெற்றெழுத்துகளை டிராகனாகவும் மாற்றியவை 1920களின் ஆங்கிலக் கையேடுகள்.

அவற்றில் முதன்மையானது ஜோசப் பார்க் பாப்காக்கின் கையேடு. ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பணியாளராகச் சூச்சோவ் நகரில் இருந்த இந்த அமெரிக்கர், 1920இல் விதிகளைச் சுருக்கி ஒரு சிறு சிவப்பு நூலாக வெளியிட்டார். ‘மா–ஜாங்’ என்ற பெயரை வணிகக் குறியாகவும் பதிவு செய்துகொண்டார். அவர் வழி பரவிய மற்றொரு மாற்றமே இங்கு முக்கியம். காய்களின் மூலையில் 1, 2, 3 என்ற எண்களும் காற்றுகளுக்கு ஆங்கில எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. சீன எழுத்தறியாதவரும் காயை அறியலாம் என்றாயிற்று. அந்த மூலையெண் சீனருக்குத் தேவைப்பட்டதன்று. புதியவர் ஒருவரைக் கருதியே பொறிக்கப்பட்டது. பெங்களூர் மேசையில் நான் தொட்ட காய்களிலும் அது இருந்தது. விளைவு உடனே தெரிந்தது. 1923 வாக்கில் அமெரிக்காவில் தேவை பெருகி, காய் செதுக்கும் எலும்பு சீனாவில் போதாமல், சிகாகோ இறைச்சிக்கூடங்களின் மாட்டெலும்பு ஷாங்காய்க்குக் கப்பலேறியது. 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டு கொலை நாவலில், ஓர் ஆங்கிலச் சிற்றூரின் வரவேற்பறையில் மருத்துவரும் அவருடைய சகோதரியும் ஒரு கர்னலும் அண்டைவீட்டுப் பெண்மணியும் மாஜாங் ஆடியபடியே ஊர்வம்பு பேசும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஷாங்காய் சங்கத்தில் ஆடியதாகக் கர்னல் பெருமையடித்துக்கொள்வார். ஆறே ஆண்டுகளில் எட்டிய தொலைவு இது.

இந்த ஆட்டம் கன்ஃபூசியஸ் காலத்தது என்று அக்காலத்து விற்பனையாளர்கள் பரப்பிய கதையை இன்றும் சிலர் சொல்கின்றனர். அதற்கு ஆதாரமில்லை. இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், யாங்சி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் உருப்பெற்றது. மரபுச் செய்தி நிங்போ நகரத்துச் சென் யூமென் என்பவரைச் சுட்டுகிறது. காய்த்தொகுதிகளின் பொருட்சான்று 1870களிலிருந்து கிடைக்கிறது. பிரிட்டிஷ் தூதரக அலுவலர் வில்லியம் ஹென்றி வில்கின்சன் 1889இல் நிங்போவில் ஒரு தொகுதியைப் பெற்றுச் சேர்த்தார்.

நிங்போ என்ற பெயரைக் கண்டதும் தென்னிந்திய வரலாறு படிப்பவர்கள் சற்று நிற்க வேண்டும். முதல் அபினிப் போரில் பிரிட்டிஷாருக்காகச் சென்று போரிட்டவர்களுள் மதராஸ் காலாட்படைகளும் மதராஸ் பீரங்கிப்படையும் மதராஸ் சாப்பர்களும் இருந்தனர். 1841 அக்டோபரில் நிங்போ வீழ்ந்தது. 1842 ஆகஸ்டில் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கை, நிங்போ, ஷாங்காய் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்களை அயல்வணிகத்துக்குத் திறந்துவிட்டது. போரில் பங்கேற்ற மதராஸ் படைப்பிரிவுகளுக்கு ‘சைனா’ என்ற சொல்லும் டிராகன் உருவமும் போர்ச்சிறப்பாக வழங்கப்பட்டன. அச்சாப்பர்களின் வழிவந்த மெட்ராஸ் பொறியியல் பிரிவின் தலைமையகம் இன்று அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் வீரர்களுக்குப் படை முழுவதும் வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’.

நான் சொல்லாததைச் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம். தம்பிகள் மாஜாங்கைக் கொண்டுவந்தார்கள் என்பதன்று என் கூற்று. 1842இல் அப்படியொரு ஆட்டம் இன்றைய வடிவில் இருந்ததற்கே சான்றில்லை. நான் சொல்வது இவ்வளவே: அந்த ஆட்டம் உருப்பெற்ற கடற்கரையையும் பெங்களூர்த் தண்டையும் ஒரே பேரரசு, ஒரே படைவலையில் கோத்திருந்தது. பாப்காக்குகளும் வில்கின்சன்களும் சீனத் துறைமுக நகர்களில் வாழ முடிந்ததற்கு 1842 ஒரு காரணம். அதற்காக உயிர்விட்டவர்களில் நம் மண்ணின் உழவர் மக்களும் உண்டு. மேசையில் ‘டிராகன்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அல்சூரின் டிராகனே நினைவுக்கு வருகிறது. இரண்டும் மேலைநாட்டார் வைத்த டிராகன்கள்.

‘தண்டு’ என்றேன். 1809இல் அமைந்த பெங்களூர்ப் படைமுகாமை உள்ளூர் வழக்கு இன்றும் அப்படித்தான் குறிக்கிறது. மதராஸ் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வேரூன்றியதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. மாஜாங் அக்குடும்பங்களின் ஆட்டமாக இருந்ததில்லை. அது அதிகாரிகளின் இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் உரியதாயிருந்தது. இங்கிலாந்து வரவேற்பறைகளிலும் ஷாங்காய், ஹாங்காங் பணியிடங்களிலும் பழகிய குடும்பங்களின் பெட்டிகளோடு அது இந்தியப் படைமுகாம்களுக்கு வந்தது என்று கொள்வதே பொருத்தம். இன்று இங்கு வழங்கும் சொற்களும் விதிகளும் அப்பாதையையே காட்டுகின்றன. விடுதலைக்குப் பின் அதிகாரிகள் மாறினர். அவர்களின் மனைவியர் ஆட்டத்தைத் தொடர்ந்தனர். இந்தியாவில் சீன வம்சாவளியினருக்கு வெளியே மாஜாங் எங்கே உயிரோடிருக்கிறது என்று கேட்டால், முப்படை அதிகாரிகளின் குடும்பங்களில் என்பதே முதல் விடை. விமானப்படைப் பயிற்சித் தலைமையகமும் பல தரைப்படை மையங்களும் உள்ள பெங்களூரில், ஓய்வுக்குப்பின் குடியேறிய அதிகாரிகளும் ஏராளம். இந்நகரின் மேசைகளுக்கு அதுவே அடித்தளம்.

ஏன் படைக்குடும்பங்கள்? ஓய்வு நேரம் மிகுதி என்ற வழக்கமான விடை எனக்கு நிறைவளிக்கவில்லை; ஓய்வுள்ள வீடுகள் எத்தனையோ இருந்தன. பணிமாற்றமே உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை ஒரு குடும்பம் பெட்டி கட்டுகிறது. மேசையில் ஒரு கை குறைகிறது. புதிதாக வந்த குடும்பத்துப் பெண், மராத்தியரோ பஞ்சாபியரோ தமிழரோ, அழைக்கப்படுகிறார். இரண்டு வாரத்தில் அவருக்குக் கற்பித்தாக வேண்டும். கற்றுக்கொண்டவர் அடுத்த முகாமுக்குப் போகும்போது, அங்கே வேறு மூவர் ஒருவருக்காகக் காத்திருக்கின்றனர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள முப்படைப் பணியாளர் கல்லூரி போன்ற இடங்களில், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் குடும்பங்கள் ஓராண்டு ஒன்றாக வாழ்ந்து கலைகின்றன. ஒரு வழக்கத்தை விதைக்க இதைவிட நல்ல நாற்றங்கால் கிடைக்காது. புதியவர் ஓயாமல் தேவைப்பட்டதே ஆட்டத்தை வாழவைத்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்க மாஜாங்கின் வரலாற்றை எழுதிய அன்னலீஸ் ஹைன்ஸ் 2021இல் வெளியான தம் நூலில் விமானப்படை அதிகாரிகளின் மனைவியருக்கு இடமளித்திருக்கிறார். ஓஹையோ மாநிலத்தின் ரைட்–பேட்டர்சன் தளத்து மனைவியர் சங்கம் தனி விதிநூலே வெளியிட்டது. அங்கே விதி அச்சேறியது. 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய தேசிய மாஜாங் கழகமும் ஆண்டுதோறும் வெல்லும் கைகளின் அட்டையைப் புதுப்பித்து விற்கிறது. இந்தியாவில் நான் கண்ட மேசைகளில் விதி அச்சேறவில்லை. கையால் எழுதி, தட்டச்சு செய்து, படியெடுத்து, மறுபடியும் படியெடுத்து, எழுத்து மங்கிய தாள்களே கைமாறுகின்றன. எனக்குத் தரப்பட்டதும் அத்தகைய தாள்தான். மடிப்புகளில் பசைநாடா, ஓரத்தில் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் திருத்தங்கள்.

அந்தத் தாளை ஓர் ஆவணமாகப் படிக்கத் தொடங்கினால் அது நிறையச் சொல்கிறது. பொது விதிகள் அதில் கால் பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் ‘சிறப்புக் கைகள்’, அதாவது நான்கு தொகுதி ஓர் இணை என்ற விதியை மீறி வெல்லக்கூடிய அரிய சேர்க்கைகளின் பட்டியல். அவற்றில் சில சீன மரபில் ஆழ வேரூன்றியவை. ஒன்றும் ஒன்பதுமான ஓரக்காய்களும் காற்றுகளும் டிராகன்களும் ஒவ்வொன்றாகச் சேரும் பதின்மூன்றின் கை அத்தகையது. வேறு சில பிரிட்டிஷ் மேசைகளில் பிறந்தவை. ஒன்றின் பெயர் ‘பின்னல் வேலை’: இரண்டு குலங்களிலிருந்து ஒரே எண்ணுடைய காய்களை இணையிணையாக ஏழு முறை சேர்க்க வேண்டும். இடவூசியும் வலவூசியும் போல இரண்டு குலங்கள். கம்பளி பின்னியபடி பேசிக்கொண்டிருந்த பெண்களின் கூடத்திலிருந்து அல்லாமல் வேறெங்கிருந்து இப்பெயர் வந்திருக்க முடியும்? நிங்போவின் காசுச்சரத்தை ஆங்கிலக் கூடம் கம்பளி நூலாக்கிவிட்டது. இங்கிலாந்திலேயே வழக்கு மாறிக்கொண்டிருக்க, நம் படைக்குடும்பங்களின் தாள்களில் பழைய அடுக்கு ஒன்று உறைந்து நிற்கிறது. மொழியியலாளர் ஓரப்பகுதிக் கிளைமொழிகளில் பழஞ்சொற்களைத் தேடுவது போல, மாஜாங் வரலாற்றாளர் இத்தாள்களைத் தேட வேண்டும்.

எழுதப்பட்ட விதி மட்டும் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றாது என்பதற்குக் கருநாடகத்திலேயே ஒரு சான்று உண்டு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) விளையாட்டுகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர். ‘சாது’ எனப்படும் சீட்டாட்டங்களை வகுத்தார். சில ஆட்டங்களுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகள். அவற்றின் அமைப்பு ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதிப் பகுதியில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. மைசூர்க் கஞ்சீபா சீட்டுகளை இன்றும் ஓவியர் தீட்டுகின்றனர். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். ஆடுவோரைக் காண்பது அரிது. அரண்மனைக்கு வெளியே அவ்வாட்டங்களுக்கு ஒரு கை குறைந்து, ஒருவரை அழைத்துக் கற்பிக்க வேண்டிய நிலை எழவேயில்லை. மாஜாங்குக்கு இந்நாட்டில் அரசரும் இல்லை, நூலும் இல்லை. பணிமாற்ற ஆணை இருந்தது.

இனி, பெங்களூர் யாரிடம் கற்கவில்லை என்ற கேள்வி. மாஜாங்கைத் தம் வீட்டு ஆட்டமாகக் கொண்ட மக்கள் இந்தியாவிலேயே இருந்தனர். கல்கத்தாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சீனர் குடியேறினர். திரெட்டா பஜாரில் ஊர்வாரியாக அமைந்த சங்கங்கள் உண்டு. உள்ளூரார் அவற்றைச் ‘சர்ச்’ என்கின்றனர். உண்மையில் தெய்வச் சந்நிதியும் ஊர்ச்சங்கமும் சேர்ந்த இடங்கள். அவற்றின் பக்கத்து அறைகளில் முதியவர்கள் மாஜாங் ஆடுவது அண்மைக்காலம் வரை அந்நகரின் அன்றாடம். அங்கே மூலையெண் தேவைப்படவில்லை. சிறுவர்கள் பெரியவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று கற்றனர். பெங்களூருக்கும் சீனக் குடும்பங்கள் வந்தன. அவர்களின் உணவகங்களையும் அழகு நிலையங்களையும் பழைய நகரவாசிகள் நன்கறிவர். அவர்களிடம் நூடுல்ஸ் சாப்பிட்டோம், முடி திருத்திக்கொண்டோம். ஆட்டம் கற்க அவர்கள் மேசையில் அமர்ந்தவர் எத்தனை பேர்?

1962 இறுதியில் எல்லைப் போர் மூண்டபோது, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர், பெரும்பாலும் அசாமிலிருந்தும் வங்காளத்தின் வடபகுதியிலிருந்தும், கைது செய்யப்பட்டு இராஜஸ்தானத்தின் தேவளி முகாமுக்கு இரயிலில் அனுப்பப்பட்டனர். குழந்தைகளும் முதியவர்களும் இதில் அடக்கம். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தனர். பலர் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலையானவர்களுள் பலர் பின்னர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஜாய் மாவும் திலீப் டிசோசாவும் 2020இல் வெளியிட்ட தேவளிவாலாக்கள் பற்றிய நூல் அவர்களின் குரலிலேயே இதைப் பதிவு செய்கிறது. கல்கத்தாச் சீனரின் எண்ணிக்கை அடுத்தடுத்த பத்தாண்டுகளில் சில ஆயிரமாகச் சுருங்கியது. மூவர் இருக்கின்றனர், ஒருவர் இல்லை என்ற தொடர் அம்மேசைகளில் விளையாட்டுப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

இதே காலத்தில் படைமுகாம்களில் மாஜாங் தொடர்ந்தது. இதை ஒரு குற்றச்சாட்டாக நான் முன்வைக்கவில்லை. கணவர் எல்லையில் இருக்க, செய்தி வருமா வராதா என்று காத்திருந்த பெண்கள் கூடிய மேசைகளும் அவற்றுள் இருந்திருக்கும். அவர்கள் கையிலிருந்த காய்களைச் ‘சீன ஆட்டம்’ என்று யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள். எனக்குக் கற்பித்த அம்மையாரிடம் இதைக் கேட்டேன். ‘அது எங்கள் ஆட்டம் என்றுதான் நினைத்தோம்’ என்றார். மூங்கில், டிராகன், பின்னல் வேலை என்று பெயர்கள் மாறி, மூலையில் எண்கள் ஏறி, ஆங்கிலக் கூடங்கள் வழியாக வந்த ஆட்டம் சீனருடையது என்ற நினைவையே வழியில் உதிர்த்துவிட்டிருந்தது. புதியவருக்கு எளிதாக்கிய அதே மாற்றங்கள், அவர் தன் அண்டைவீட்டுச் சீனரிடம் சென்று கற்கவேண்டிய தேவையையும் நீக்கிவிட்டன. ஓர் ஆட்டத்தை விரும்பிக்கொண்டே அதன் மக்களை அறியாதிருக்க முடிந்தது இப்படித்தான்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. பெங்களூரில் அதைத் தவிர்க்க முடியாது. மென்பொருள் பணியாளர் பலருக்கு மாஜாங் என்றால் கணினித் திரையில் ஒரே மாதிரியான இரு காய்களைத் தொட்டு நீக்கும் ஆட்டம். 1981இல் பிரோடி லாக்கார்டு என்பவர் பிளாட்டோ கணினி வலையமைப்புக்காக அதை எழுதினார். உடற்பயிற்சி விபத்தொன்றில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1986இல் ‘ஷாங்காய்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் விண்டோஸ் விஸ்டாவுடனேயே வந்தது. காய்கள் மாஜாங்கினுடையவை, ஆட்டம் வேறு. நான்கு கைகளும் இல்லாமல் ஒற்றைக் கையோடு ஆடப்படுவதால், அதில் யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்வழியே காய்களை அறிந்து, பிறகு ஜப்பானியக் கேலிச்சித்திரப் படங்கள் மூலம் ‘ரீச்சி’ விதிகளை அறிந்து, மேசைக்கு வரும் இளைஞர்களை இன்று நகரின் பலகை விளையாட்டுக் கூடல்களில் பார்க்கிறேன். அவர்கள் ‘பங்’ என்பதில்லை, ‘பொன்’ என்கின்றனர். பின்னல் வேலையைக் கேள்விப்பட்டதில்லை. படைக்குடும்ப மேசையும் இவர்கள் மேசையும் ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன.

புதிதாகக் கற்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் எந்த விதியைக் கற்பது என்று கேட்கின்றனர். உங்களுக்குக் கிடைக்கும் மூவர் எதை ஆடுகிறார்களோ அதை. முதல் பத்து ஆட்டங்களுக்குப் புள்ளிக் கணக்கை விட்டுவிடுங்கள். வென்றவர் யார் என்பது மட்டும் போதும். பூக்களையும் பருவங்களையும் ஒதுக்கி வைத்து 136 காய்களோடு ஆடுவது தொடக்கத்துக்கு நல்லது. அப்போது மதில் 17 காய் நீளம் வரும். ‘சௌ’ எளிது என்று அதையே தேடாதீர்கள். அடிக்கடி கூவி எடுத்தால் உங்கள் கை பாதி திறந்துவிடும். எஞ்சியதை எதிரில் இருப்பவர் ஊகித்துவிடுவார்.

வரலாற்று மாணவர்களுக்கு வேறொரு வேண்டுகோள். உங்கள் பாட்டியரோ பெரியம்மாக்களோ படைக்குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் என்றால், அலமாரியில் மாஜாங் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காய்களுக்கு அடியில் மடித்து வைத்த தாள் இருக்கும். காய்கள் எலும்பா, பிளாஸ்டிக்கா என்பதைவிட அத்தாளே முக்கியம். இரு பக்கமும் ஒளிப்படம் எடுங்கள், ஓரக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாரிடமிருந்து படியெடுத்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பங்களை அறிந்த நண்பர்கள், அவர்கள் வீட்டில் எந்த விதியில் ஆடினர் என்பதையும், ஆட்டம் எந்த ஆண்டில் நின்றது என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை முதலில் கேட்க வேண்டாம்.